பேர் போடாத கடிதங்கள்

சேசு மரி சூசை

மாயாபந்தர்
9 மார்ச் 2025

அன்புள்ள தம்பி வின்சென்ட்டுக்கு,

கிரேசி அக்கா எழுதுவது. நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை ஒரு பஸ் டிரைவர் வந்து சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நன்றாயிருக்கிறது உன் பாசம்!

நேற்று சந்திரமோகன் அண்ணன் போர்ட் பிளேர் வண்டியை நிறுத்திவிட்டு நேரே நம் வீட்டுக்கு வந்தார். "ஒங்க தம்பி பாராடாங்ல, படகு ஜெட்டி பக்கத்துல ஜம்புலிங்கம் கடைல தட்டு கழுவிக்கிட்டிருக்கான்மா" என்றார். ஜனவரியிலேயே உன்னை வெளியே விட்டுவிட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். மூன்றரை வருடம் ஜெயிலில் இருந்தவன் வேறெங்கே போவான், அக்கா வீட்டுக்குத்தான் வருவான் என்று கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டி வைத்தேன். இரண்டு மாதமாக அந்தக் கட்டிலில் வெங்காயம்தான் காய்கிறது.

உன் அத்தானுக்குப் பயந்துதானே வரவில்லை? மறைக்க என்ன இருக்கிறது, அவர் சொன்னது சொன்னதுதான். "அவன் இந்த வாசல மிதிக்கக் கூடாது" என்று தீர்ப்பு வந்த அன்றைக்குச் சொன்னார், இன்னும் மாற்றவில்லை. பென்னி எட்டு வருடம் அவருடைய என்ஜின் ஷெட்டில் வேலை பார்த்த பையன். ஜெபராஜ் அண்ணே, ஜெபராஜ் அண்ணே என்று அவர் நிழலிலேயே நின்றவன். அவன் வைத்த ஸ்பேனர் இன்னும் அதே ஆணியில் தொங்குகிறது. யாரையும் தொட விடமாட்டார்.

நானும் பூசி மெழுகப் போவதில்லை. நீ குடித்திருந்தாய். டுங்கிப் படகின் என்ஜின் உன் கையில் இருந்தது. அது கவிழ்ந்தது, பென்னி போனான், நீ கரை சேர்ந்தாய். கோர்ட் கொடுத்த தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டாய். அதற்கு மேல் கொடுக்க நாங்கள் யார்? இதைத்தான் உன் அத்தானிடம் கேட்டேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வா. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். சந்திரமோகன் அண்ணனிடம் நெத்திலிக் கருவாடும் உடுத்திக்கொள்ள இரண்டு சாரமும் கொடுத்துவிட்டிருக்கிறேன். உன் போன் நம்பரை எழுதி அனுப்பு.

உன் அக்கா,
கிரேசி


பாராடாங்
14 மார்ச் 2025

அன்பு அக்காவுக்கு,

கருவாடு வந்தது. சாரமும் வந்தது. கடிதத்தை மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் திட்டுதான் வாங்கினேன். உன் திட்டு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று முன்பு எனக்குத் தெரியாது.

என்னிடம் போன் இல்லை. வெளியே வந்த வாரம் ஒன்று வாங்கினேன். எப்படியோ நம்பர் தெரிந்து யார் யாரோ கூப்பிட்டு, பென்னியைக் கொன்றவன்தானே என்று கேட்டார்கள். சிம்மைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டேன். கடை போனுக்கும் கூப்பிடாதே, உன் குரலைக் கேட்டால் தட்டை உடைத்துவிடுவேன். கடிதம் போதும். ஜெயிலில் பழகிவிட்டது.

ஜம்புலிங்கம் அண்ணாச்சி மதுரைப் பக்கம். காலையில் சுற்றுலா வண்டிகள் வரிசையாகக் கப்பலிலிருந்து இறங்கும்போது ஒரே நேரத்தில் முந்நூறு பேருக்குப் பூரி போட வேண்டும். ஜெயிலிலிருந்து வருகிறேன், என் தப்பால் ஒருத்தன் செத்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். "அது சரி, தட்டு கழுவத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. அவர் மனைவி அலமு அக்கா நான் சாப்பிட்ட தட்டைத் தனியாக எடுத்து வைக்கவில்லை, எல்லாத் தட்டோடும் சேர்த்து அடுக்கினார்கள். நெற்றி நிறைய விபூதி வைத்திருக்கும் அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நம் கோயில் ஆள் ஒருவர் போன வாரம் வந்தார். பெயர் வேண்டாம், குருத்து ஞாயிறு பவனியில் முன்னால் நடப்பவர். என்னை அடையாளம் தெரிந்ததும் நான் வைத்த டீயைத் தரையில் கொட்டிவிட்டு, "வேற யாராச்சும் கையால குடுங்க" என்றார். அண்ணாச்சி அவரிடம் காசு வாங்காமல் எழுப்பி அனுப்பிவிட்டார்.

அதனால் ஈஸ்டருக்கு வரவில்லை, அக்கா. கோயிலில் நான் போய் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடும். அத்தானுக்காகச் சொல்லவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொள்வேன். பென்னியின் மனைவி சுபிதா அங்கே இருக்கிறாள். அவள் இருக்கிற கோயிலுக்குள் நான் எந்த முகத்தோடு நுழைவேன்?

இப்படிக்கு,
உன் தம்பி


சேசு மரி சூசை

மாயாபந்தர்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

கவரில் அனுப்புநர் பெயர் இல்லை, உள்ளேயும் உன் பெயர் இல்லை. அக்காவுக்கே மொட்டைக் கடிதம் எழுதுகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். அப்பா பார்த்துப் பார்த்து வைத்த பெயர் என்ன பாவம் செய்தது?

தாமதமாக எழுதுவதற்கு மன்னித்துக்கொள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் ஃபாதர் ராஞ்சிக்காரர். தமிழாள், மலையாளி, ராஞ்சி ஆள் எல்லாரும் இருப்பதால் பூசை ஹிந்தியில்தான். ஆனால் பிரசங்கத்தின் நடுவே நமக்காக ஒரு தமிழ் வார்த்தையைச் செருகிவிடுவார். போன வாரம் "அன்பு" என்பதற்கு "அம்பு" என்று சொல்லிவிட்டார். ஆண்டவர் நம் எல்லார் மேலும் அம்பு வைத்திருக்கிறாராம்!

நேற்றைய நற்செய்தி, ஒரு பெண்ணைக் கல்லெறிந்து கொல்லக் கூட்டிவந்த கதை. ஃபாதர் முழங்காலில் நின்று பிரசங்கம் வைத்தார். "கல் கோ சோடோ, கல் கோ சோடோ" என்று மூன்று நான்கு முறை சொன்னார். நேற்று நடந்ததை விட்டுவிடுங்கள் என்று. நேற்றுக்கும் நாளைக்கும் ஹிந்தியில் ஒரே 'கல்'தானே, உனக்குத் தெரியாததா.

அப்புறம்தான் குண்டைப் போட்டார். பெரிய வியாழன் அன்று பாதம் கழுவ ஒவ்வொரு வருடமும் பெரிய குடும்பத்து ஆட்கள் பன்னிரண்டு பேர் வெள்ளைச் சட்டையில் உட்காருவார்கள் அல்லவா? உன் அத்தான் ஒன்பது வருடமாக இரண்டாவது நாற்காலி. இந்த வருடத்துக்கும் சட்டை தைத்துக் கஞ்சி போட்டு மடித்து வைத்தாயிற்று. ஃபாதர் என்ன சொன்னார் தெரியுமா? "யார் பக்கத்தில் உட்கார உங்களுக்கு மனம் வராதோ, அவர் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுங்கள். அதிலிருந்து பன்னிரண்டு பேரை எடுப்பேன்" என்றார்.

கோயிலே திகைத்துப் போனது. என் கையில் சீட்டு. உன் பெயரை எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். பக்கத்தில், எதையும் ஊருக்கே சொல்லிவிடும் சந்திரமதி அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், வின்சென்ட். எனக்குத் தைரியம் வரவில்லை. அவசரத்தில் 'ஜெபராஜ்' என்று எழுதிப் போட்டுவிட்டேன். இப்போது கோயிலிலேயே யார் பக்கத்தில் உட்கார மாட்டாய் என்று கேட்டதற்கு நான் கட்டின புருஷன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சீட்டு வெளியே வந்தால் என் கதி என்ன?

சிரித்தாயா? சிரி. நான் இதை எழுதிவிட்டு அழுதேன். கூடப் பிறந்தவனின் பெயரை எழுதக்கூடப் பயந்தவள் உன்னை வா, வா என்று கூப்பிட்டால் நீ எப்படி வருவாய்?

உன் அக்கா,
கிரேசி


பாராடாங்
10 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

சிரித்தேன். அண்ணாச்சியிடமும் சொன்னேன், அவர் பூரிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நீ எழுதாமல் போனதே நல்லது. மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் வருகிறதாக இல்லை, அவ்வளவுதான். இங்கே தட்டு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. குடிப்பதை விட்டு ஐந்து வருடம் ஆகிறது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கட்டிலில் வெங்காயமே காயட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி


சேசு மரி சூசை

மாயாபந்தர்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு, மதியம்

அன்புள்ள தம்பிக்கு,

கைகால் ஓடவில்லை. சோறு அடுப்பில் இருக்கும்போதே எழுதுகிறேன், சந்திரமோகன் அண்ணன் நாளைக் காலை வண்டிக்கு முன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பவனி முடிந்ததும் ஃபாதர் பெட்டியிலிருந்து சீட்டுகளை எடுத்தார். முதல் பெயர் கக்கூஸ் சுத்தம் செய்கிற தேவேந்திரன் அண்ணன். அடுத்தது டி.பி. வந்ததிலிருந்து யாரும் கிட்டே போகாத ராசம்மா. ஒவ்வொரு பெயருக்கும் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் 'ஜெபராஜ்' வரக்கூடாது என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. ஆண்டவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது.

பன்னிரண்டாவது சீட்டைப் பிரித்து ஃபாதர் கஷ்டப்பட்டு எழுத்துக்கூட்டினார். "வின்... சென்ட்."

அப்புறம் பின்னாலிருந்து சந்திரமதி அக்கா, "அவன் காலயா? செத்தவன் பொஞ்சாதி உக்காந்திருக்கும்போதா? யாரு எழுதுனது இத?" என்றார்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உன் அத்தானும் பார்த்தார். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பெஞ்சில் சுபிதா எழுந்து நின்றாள்.

"நாந்தான் எழுதுனேன்" என்றாள். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பூசை முடிந்து அவள் பின்னாலேயே ஓடினேன். ஏன் இப்படிச் செய்தாய் சுபிதா என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "என்னக்கா கேக்கிய? ஃபாதர் அன்னைக்கு நமக்குன்னு தமிழ்ல சொன்னாவல்லா? கல்ல விடு, கல்ல விடுன்னு. அஞ்சு வருசமா நான் ஒண்ணக் கையில வச்சிக்கிட்டுதான அலையிதேன். கை வலிக்கிக்கா" என்றாள்.

தம்பி, அவள் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்து பத்து வருடம் ஆகிறது. கடையில் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் ஹிந்தி. வழக்கம்போல் ஃபாதர் ஒரு தமிழ் வார்த்தையைச் செருகிவிட்டார் என்று நினைத்திருக்கிறாள்! பிரசங்கமும் கல்லைப் பற்றியதுதானே. நான் திருத்தவில்லை. ஃபாதரிடமும் சொல்லவில்லை. நீயும் வாயைத் திறக்காதே.

வீட்டுக்கு வந்தால் உன் அத்தான் அந்தக் கஞ்சி போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வரலாம் என்றும் சொல்லவில்லை, வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. ரேடியோ போடவில்லை.

இனி உன் பாடு. வா, வின்சென்ட்.

உன் அக்கா,
கிரேசி


பாராடாங்
15 ஏப்ரல் 2025

அன்பு அக்காவுக்கு,

வர மாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். அந்தத் தாள் இப்போது அடுப்பில் இருக்கிறது.

நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று என் கால் வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறது. அதை விடு. இந்தக் காலை ஒரு ஃபாதர் குனிந்து பிடிப்பதா? சுபிதா பார்த்துக்கொண்டிருக்க? நான் அதற்கு லாயக்கில்லை என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பூரிக் கரண்டியை ஆட்டிக்கொண்டே, "என்னப்பா பெரிய இவனாட்டம் பேசுற? ஒரு மனுசன் குனிஞ்சு ஒன் காலத் தொடுறேங்கிறான். அந்தப் பிள்ள எந்திரிச்சு நின்னு ஒன் பேரச் சொல்லிருக்கு. நான் லாயக்கில்லன்னு நீ இங்க ஒக்காந்திருந்தா அதுக்குப் பேரு பணிவா? திமிருப்பா அது" என்றார்.

அதற்குள் அலமு அக்கா என் துணிப்பையில் இரண்டு சட்டையை மடித்து வைத்துவிட்டார்கள்.

இந்தக் கடிதம் இன்றைய வண்டியில் வருகிறது, நான் நாளைய வண்டியில் வருகிறேன். அத்தான் வாசலில் நிற்க விடாவிட்டால் படகு ஜெட்டியில் படுத்துக்கொள்வேன். நீ சண்டை போடாதே.

இப்படிக்கு,
உன் தம்பி


பாராடாங்
23 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கப்பலில் வண்டி ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. சந்திரமோகன் அண்ணன்தான் உலுக்கி எழுப்பினார். பகலில் அப்படித் தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று!

நீ கொடுத்த முறுக்கை அலமு அக்கா ஒளித்து வைத்து அண்ணாச்சிக்குத் தெரியாமல் எனக்குக் கொடுக்கிறார்கள்.

நீ பார்க்காத இரண்டு விஷயங்களைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வீட்டில் இருந்தபோது வாய் வரவில்லை.

பெரிய வியாழன் மத்தியானம் நீ பூ வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாய். நான் கொல்லையில் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் வந்ததிலிருந்து அத்தான் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, உனக்கே தெரியும். திடீரென்று தேங்காய் நாரும் சவுக்காரமுமாக வந்து நின்றார். "காலக் காட்டுல" என்றார். நான் வேண்டாம் அத்தான் என்று இழுத்துக்கொண்டேன். "காட்டுலன்னா! என் வீட்ல இருந்து ஒருத்தன் இந்தக் காலோட போயி ஒக்காந்தா எனக்குத்தான கேவலம்?" என்று தரையில் குந்தினார். குதிகாலிலிருந்து விரலிடுக்கு வரை தேய்த்தார். தேய்த்துக்கொண்டே திட்டினார். அக்கா, அந்தத் திட்டை எழுத முடியாது. நடுவில் ஒரு இடத்தில் "அவன் எனக்குப் பிள்ள மாதிரில" என்றார். அப்புறம் தேய்ப்பதை நிறுத்தவும் இல்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை. புண்ணில் சவுக்காரம் பட்டு எரிந்தது. எரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

முடித்துவிட்டுத் தன் கஞ்சிச் சட்டையை என் மேல் எறிந்தார். அதற்குள் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். நீ பூவோடு வந்து, "யாரு இந்தச் சட்டையக் குடுத்தது?" என்று கேட்டபோது நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லாமல் நின்றோமே, அதன் கதை இதுதான். கோயிலில் தேவேந்திரன் அண்ணனுக்கும் ராசம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஃபாதர் என் காலில் தண்ணீர் ஊற்றியபோது எனக்குப் பயமே இல்லை. ஒரு தடவை கழுவின கால்தானே.

இனி இரண்டாவது விஷயம். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு நான் வெளியே என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சுபிதா வந்து பக்கத்தில் நின்றாள். நான் நிமிரவில்லை. "மன்னிச்சிரும்மா" என்றேன். வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

"அண்ணே, கடைசியா அவிய என்ன சொன்னாவ?" என்றாள்.

அக்கா, போலீஸ் கேட்கவில்லை. கோர்ட் கேட்கவில்லை. எவ்வளவு குடித்தாய், என்ஜினை யார் பிடித்தது, லைஃப் ஜாக்கெட் ஏன் இல்லை, இவ்வளவுதான் கேட்டார்கள். நீயும் கேட்டதில்லை. நானாகச் சொன்னால் தப்பிக்கக் கதை கட்டுகிறான் என்பார்கள் என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அவளிடம் சொன்னேன். கவிழ்ந்தபோது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு காலி டீசல் கேன் மிதந்தது. பென்னி நல்ல நீச்சல்காரன். போதையில் நான் கல் மாதிரி அமிழ்ந்துகொண்டிருந்தேன். அவன் கேனை என் நெஞ்சில் தள்ளி, "இத விடாதல, நான் கரைக்குப் போயி ஆளக் கூட்டியாறேன்" என்று சொல்லிவிட்டு நீந்தினான். நீரோட்டம் எதிர்த்திசையில் இருந்தது. அதன் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. கடைசி வார்த்தை "விடாதல" என்பதுதான் என்றேன்.

அவள் கோயில் படியில் உட்கார்ந்தாள். "அவிய அப்பிடித்தான்" என்றாள். அழுதாள். ஆனால் முகம், எப்படிச் சொல்ல, வீட்டுக்குத் திரும்பி வந்தவள் முகம் மாதிரி இருந்தது. ஐந்து வருடமாக அவன் பயந்து, கத்தி, தனியாகச் செத்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாளாம். போகும்போது திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப விட்டுராதீங்க, அண்ணே" என்றாள்.

அதிலிருந்து அதுதான் காதில் இருக்கிறது. தட்டு கழுவும்போதும் இருக்கிறது.

அத்தானின் சட்டையைத் துவைத்து, அலமு அக்காவிடம் கஞ்சி வாங்கிப் போட்டு, இதோடு அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டு நாள் லீவு தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். ஷெட்டில் கூடமாட நிற்க வரலாமா என்று அத்தானிடம் கேட்டு எழுது. அந்த ஆணியில் தொங்கும் ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்றும் சொல். கட்டிலில் இருந்து வெங்காயத்தை எடுத்துவிடு.

கீழே பார்த்துக்கொள், மொட்டைக் கடிதம் இல்லை.

என்றும் உன் அன்புத் தம்பி,
வின்சென்ட்